கொடியில காயுறதைப் பாருங்க: சொந்தமா தைச்சுப் போட ஆரம்பிக்கிறவங்களுக்கு

எனக்கு எந்த மாதிரி டிரெஸ் செட் ஆகும்னே தெரியலன்னு நிறைய பேர் சொல்லிக் கேட்டிருக்கேன், அவங்க எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், பீரோவைத் திறக்காதீங்க, மாடிக்குப் போய் கொடியைப் பாருங்க. பீரோல இருக்கறது நம்ம ஆசைப்பட்டு வாங்கினது, கொடியில காயுறதுதான் நம்ம நெஜமா போடுறது. ஒரு மாசம் தினமும் என்ன போட்டீங்கன்னு ஒரு நோட்டுல ஒரு வரி எழுதிட்டே வாங்க, அதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

நான் எழுதினப்போ ஒரு மாசத்துல 4 குர்தி தான் மாத்தி மாத்தி வந்துச்சு. நாலுமே காட்டன், முக்கால் கை, கழுத்து ரொம்ப இறங்காதது, முட்டிக்குக் கொஞ்சம் கீழ வர்ற நீளம், கலர் பார்த்தா செங்கல் கலர், கருநீலம், இலைப்பச்சை. மீதி 11 குர்தி ஒரு தடவை கூட கொடிக்கு வரல. அந்த 11-ஐயும் எடுத்துக் கட்டில்ல போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஏன் போடலன்னு நோட்டுல எழுதினேன், ஒண்ணு அக்குள்ல இறுக்குது, ஒண்ணு உடம்புல ஒட்டுது, ஒண்ணு வண்டியில உக்காந்தா சைடு ஓப்பன் மேல ஏறுது, ரெண்டுக்குத் தோள் இறங்கி இறங்கி வருது. அந்த ரெண்டு பக்கம் எழுதி முடிச்சப்போ தான் எனக்கு என்ன வேணும்னு தெளிவா தெரிஞ்சுது, போன்ல ஆயிரம் படம் பார்த்து சேவ் பண்ணி வச்சும் தெரியாதது அது. அதனால மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி நோட்டு வாங்குங்க.

கலர் விஷயத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். மாநிறத்துக்கு இந்தக் கலர் எடுக்காது, கருப்பா இருக்கறவங்க மஞ்சள் போடக்கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிச் சொல்லியே நிறைய பொண்ணுங்களை சாம்பல் கலருக்கும் பழுப்புக்கும் தள்ளி வச்சிருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. துணியை விரிச்சுத் தோள்ல போட்டு, வாசல்ல பகல் வெளிச்சத்துல நின்னு கண்ணாடியில பாருங்க, உங்களுக்குப் பிடிச்சிருந்தா அது உங்க கலர். கடையோட டியூப் லைட்ல மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, கருநீலம் கருப்பா தெரியும், பச்சை வேற பச்சையா தெரியும். துணியை வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய் பார்க்கலாமான்னு கேளுங்க, நான் கேட்ட கடையில யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

அளவு எடுக்குறது

டேப்பைத் தனியா பிடிச்சு அளக்காதீங்க, கையைத் தூக்கினாலே தோள் அளவும் நீளமும் மாறிடும். அம்மாவோ அக்காவோ ஃபிரெண்டோ யாராவது அளக்கட்டும், நீங்க சாதாரணமா மூச்சு விட்டுட்டு நில்லுங்க. தோள் அளவு முதுகுப் பக்கமா ஒரு தோள் எலும்பு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும். அப்புறம் மார்பு சுத்து, இடுப்பு சுத்து, சீட் சுத்து (பின்பக்கம் அகலமா இருக்கற இடத்துல எடுக்கறது), கை நீளம், மேல் கை சுத்து, தோள்லேர்ந்து எவ்வளவு நீளம் வேணுமோ அது. சுத்தளவு எடுக்கும்போது டேப்புக்குள்ள ரெண்டு விரல் போற மாதிரி இருந்தா போதும். இதெல்லாம் தேதி போட்டு அதே நோட்டுல எழுதுங்க.

இன்ச் கணக்குல எனக்குத் தோள் 14, மார்பு 36, சீட் 42. ரெடிமேட்ல என் சீட்டுக்குச் சரியா இருக்கற சைஸ் எடுத்தா தோள் கீழ தொங்கும், தோளுக்குச் சரியா எடுத்தா கீழ பிடிக்கும். பல வருஷம் என் உடம்புல தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டு டிரையல் ரூம்லேர்ந்து அழுகையா வெளிய வந்திருக்கேன். கம்பெனிக்காரங்க ஒரு அளவுப் பட்டியல் வச்சு ஆயிரக்கணக்குல வெட்டுறாங்க, அந்தப் பட்டியல்ல என்னை மாதிரி 14-ம் 42-ம் ஒரே வரியில வராது, அவ்வளவுதான். நோட்டுல அந்த மூணு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல பார்த்த அன்னைக்குத்தான் எனக்கு அது புரிஞ்சுது.

மிஷின்

புதுசா வாங்கணும்னு இல்ல. வீட்ல பாட்டியோட கால் மிஷின் மூலையில துணி மூடிக் கிடந்தா அதுவே போதும், நேர் தையலுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல, வேணும்னா பின்னாடி மோட்டார் மாட்டிக்கலாம். நம்ம வேகத்துக்குப் போகும்ங்கறதால பழகுறதுக்குக் கால் மிஷின் தான் நல்லதுன்னு நான் நினைக்கிறேன். ஆனா முட்டி வலி இருக்கறவங்களும் இடம் இல்லாத வீட்ல இருக்கறவங்களும் மேல வச்சுத் தைக்கிற சின்ன கரண்ட் மிஷின் எடுக்கலாம், உஷா, சிங்கர் ரெண்டுலயும் ஆரம்ப மாடல் இருக்கு, 100 டிசைன் தையல் வர்ற மாடலுக்குப் போகாதீங்க, நேர் தையலும் ஜிக்ஜாக்கும் தான் கடைசி வரைக்கும் உபயோகப்படும். கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க, மாற்றுத்திறனாளிகள் இவங்களுக்கு தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல இலவச தையல் மிஷின் திட்டம் வச்சிருக்கு, மாவட்ட சமூக நல அலுவலகத்துல விசாரிங்க.

பழைய மிஷினா இருந்தா முதல்ல எண்ணெய் விடணும். தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஒட்டி மிஷினே இறுகிடும், தையல் மிஷின் எண்ணெய்னு தனியா கிடைக்கும், ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு சொட்டு, அப்புறம் வேஸ்ட் துணியில ரெண்டு நிமிஷம் ஓட்டினா மிச்ச எண்ணெய் வந்துடும். அடியில பாபின் கேஸ், அதாவது கீழ் நூல் சுத்தின பாபின் உக்கார்ற கூடு, அது பக்கம் சேர்ந்திருக்கற பஞ்சு தூசியை பிரஷ் வச்சு எடுங்க.

ஊசி விஷயம் பல பேருக்குத் தெரியாது. சாதாரண காட்டனுக்கு 14 நம்பர், மல் மாதிரி மெல்லிசு துணிக்கு 11, ஜீன்ஸ் துணிக்கு 16. ஊசியோட தலைப்பக்கம் ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அது எந்தப் பக்கம் வரணும்னு மிஷினுக்கு மிஷின் வேற, கழட்டும்போதே பார்த்து வச்சுக்கணும், மாத்திப் போட்டா தையல் விட்டு விட்டு விழும். நூலைக் கடைசியா மாட்டுற கொக்கி எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கத்துலேர்ந்து ஊசியில கோர்க்கணும். சக்கரத்தை எப்பவும் நம்ம பக்கமா தான் சுத்தணும், எதிர்ப்பக்கம் போனா நூல் அறும்.

மேல பார்த்தா தையல் அழகா இருக்கு, துணியைத் திருப்பினா அடியில குருவிக்கூடு மாதிரி நூல் சிக்கி இருக்குன்னா எல்லாரும் பாபினைத்தான் திட்டுவாங்க. பெரும்பாலும் தப்பு மேல் நூல்ல தான். ஃபுட்டை, அதாவது துணியை அமுக்கிப் பிடிக்கிற பாதத்தை, மேல தூக்கி வச்சுட்டு மேல் நூலை மொத்தமா எடுத்துத் திரும்பக் கோருங்க, ஃபுட் கீழ இருந்தா நூலை இறுக்கிப் பிடிக்கிற ரெண்டு தட்டுக்கு நடுவுல நூல் போய் உக்காராது, பிடிப்பே இருக்காது. தைக்க ஆரம்பிக்கும்போது ரெண்டு நூலையும் ஒரு 4 இன்ச் பின்னாடி இழுத்து விட்டுப் பிடிச்சுக்கோங்க.

முதல் மூணு நாள் நூலே மாட்டாம கோடு போட்ட நோட்டுப் பேப்பர்ல கோட்டு மேலயே ஓட்டுங்க. அப்புறம் வட்டம், அப்புறம் மூலையில ஊசியை உள்ள இறக்கி வச்சு ஃபுட்டைத் தூக்கிப் பேப்பரைத் திருப்புறது. இது சலிப்பா தான் இருக்கும், விட்டுடாதீங்க, இதுல கை நின்னுட்டா பாதி வேலை முடிஞ்சுது. பேப்பர் ஓட்டின ஊசியைத் துணிக்கு உபயோகிக்காதீங்க, முனை மழுங்கி இருக்கும்.

துணி

நான் ஈரோட்டுக்காரிங்கறதால துணி விஷயத்துல கொஞ்சம் அதிகமா பேசுவேன். எங்க ஊர் ஜவுளிச் சந்தை திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கும், வெளியூர் வியாபாரிங்க தான் நிறைய வருவாங்க. அங்க என் அத்தை கூடப் போய்த்தான் துணியைக் கையால பார்க்கப் பழகினேன். அத்தை எதையும் விலை கேட்கறதுக்கு முன்னாடி ஒரு மூலையை உள்ளங்கையில வச்சு நல்லா கசக்கிட்டு விடுவாங்க, சுருக்கமே விழலன்னா அதுல பாலியெஸ்டர் கலந்திருக்குன்னு சந்தேகப்படுவாங்க, ரொம்ப மொறமொறன்னு இருந்தா கஞ்சி அதிகம், துவைச்சா தொளதொளன்னு ஆயிடும்னு சொல்வாங்க. வீட்டுக்கு வந்து உறுதியா தெரியணும்னா ஓரத்துலேர்ந்து நாலு நூல் உருவி தீக்குச்சி வச்சுப் பாருங்க, காட்டன் பேப்பர் எரியுற வாசனையோட எரிஞ்சு சாம்பலா உதிரும், பாலியெஸ்டர் உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி ஒட்டிக்கும். ஜாக்கிரதையா, சிங்க் பக்கத்துல நின்னு பண்ணுங்க.

கடையில பன்னா எவ்வளவுன்னு கேட்கணும், அதாவது துணியோட அகலம். 36 இன்ச், 44 இன்ச், 58 இன்ச்னு வரும், அதை வச்சுத்தான் எத்தனை மீட்டர் வேணும்னு கணக்கு. முட்டிக்குக் கீழ வர்ற முக்கால் கை குர்திக்கு 44 பன்னால 2.5 மீட்டர் எடுங்க. ஆரம்பத்துல ரேயான், ஜார்ஜெட், சாட்டின் எதுவும் வேண்டாம், வெட்டும்போதே நழுவும், தைக்கும்போது இழுத்துக்கும், துணி பண்ற சேட்டைக்கு நம்ம கைதான் சரியில்லன்னு நினைச்சு விட்டுடுவோம். பாப்லின், கேம்பிரிக், கொஞ்சம் அழுத்தமான கைத்தறி காட்டன் இது மூணும் சொன்ன பேச்சு கேட்கும். கைத்தறி வேணும்னா கோ-ஆப்டெக்ஸ்ல பாருங்க, 1935-லேர்ந்து நெசவாளர் கூட்டுறவா நடக்குது. நெசவுல துணி சுருங்காம இருக்க ரெண்டு ஓரத்தையும் ஊசி முனை வச்ச குச்சியால விரிச்சுப் பிடிப்பாங்க, அதனால கைத்தறித் துணியோட கரையில சின்னச் சின்ன ஊசி ஓட்டை வரிசையா தெரியும்.

வாங்கின அன்னைக்கே வெட்ட உக்காராதீங்க. துணியைத் தண்ணியில ராத்திரி ஊறப் போட்டு, அலசி, நிழல்ல காய வச்சு, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்டணும். நான் முதல்ல தைச்ச குர்தியை ஊற வைக்காம தைச்சேன், முதல் துவையல்ல மூணு விரல்கடை நீளம் குறைஞ்சு போச்சு, ரெண்டு வாரம் உக்காந்து தைச்சது, இப்ப நினைச்சாலும் கஷ்டமா இருக்கு.

பாவு நூல் நீளவாக்குல ஓடும், ஊடை நூல் குறுக்க ஓடும். குர்தியோட நீளம் பாவு பக்கமா, அதாவது கரைக்கு இணையா வரணும். ரெண்டு கையால பிடிச்சு இழுத்துப் பாருங்க, பாவுல இழுவை இருக்காது, ஊடையில லேசா இருக்கும், மூலைக்கு மூலை கிராஸா இழுத்தா நல்லா நீளும். துணியைக் கோணலா மடிச்சு வெட்டிட்டா ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டுத் தொங்கும், எத்தனை இஸ்திரி போட்டாலும் நேராகாது.

முதல் உருப்படி நாடா பாவாடை

எல்லாரும் ஜாக்கெட்ல ஆரம்பிக்கணும்னு ஆசைப்படுவாங்க, வேண்டாம், டாட் பிடிக்கிறது (உடம்பு வளைவுக்குத் தக்க துணியை மடிச்சுத் தைக்கிறது), பட்டி, கொக்கி, கைக்குழின்னு அதுல எல்லா கஷ்டமும் ஒண்ணா இருக்கு. தலையணை உறை ரெண்டு தைச்சுட்டு நேரா பாவாடைக்கு வாங்க.

36 பன்னா பாப்லின் 2 மீட்டர் எடுத்து, ஊற வச்சுக் காய வச்சு, குறுக்க சரிபாதியா வெட்டினா மீட்டர் நீளத்துல ரெண்டு துண்டு. ரெண்டையும் நல்ல பக்கம் உள்ள பார்க்க ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, ரெண்டு சைடும் கரையோரமா அரை இன்ச் விட்டுத் தையுங்க, ஒரு சைடுல மட்டும் மேல 6 இன்ச் தைக்காம விடுங்க. இதுல ஒரு வசதி, சைடுல வர்றது ரெண்டுமே துணியோட சொந்தக் கரை, நூல் பிரியாது, ஓவர்லாக் தேவையே இல்ல. திறந்த இடத்துல ஓரத்தை மடிச்சு அடிச்சுட்டு, மேல முதல்ல கால் இன்ச், அப்புறம் ஒண்ணேகால் இன்ச் மடிச்சு நாடா போற பட்டி. கீழ ஒரு இன்ச் மடிச்சு அடிங்க. அவ்வளவுதான், 36 இன்ச் கிட்ட நீளம் வரும், உங்களுக்கு நீளம் அதிகம்னா அடி மடிப்பைப் பெருசாக்குங்க. பாப்லினுக்குப் பதிலா பிரிண்ட் காட்டன்ல தைச்சா அதுவே வெளிய போட்டுட்டுப் போற ஸ்கர்ட்.

அப்புறம் குர்தி

ஃபார்முலா போட்டு வரையுற வித்தை பின்னாடி கத்துக்கலாம். இப்ப அந்த நோட்டை எடுங்க, அதிகமா கொடிக்கு வந்த குர்தி எதுவோ அதையே அச்சா வச்சுக்கோங்க. அது நெய்த துணியா இருக்கணும், டீ-சர்ட் மாதிரி, லைக்ரா மாதிரி இழுத்தா நீள்றதை அச்சா வச்சு காட்டன்ல வெட்டினா தலைக்குள்ளயே போகாது.

குர்தியை இஸ்திரி போட்டு, நேர் பாதியா நீளவாக்குல மடிச்சு, ஒட்டின நியூஸ்பேப்பர் மேல மடிப்பு பேப்பர் ஓரத்துல வர்ற மாதிரி வைங்க. கையை உள்ள மடக்கிட்டு கைக்குழித் தையல் ஓரமா பென்சில் ஓட்டுங்க, முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு தனித்தனியா, ஏன்னா முன்பக்கக் கைக்குழி அரை இன்ச் உள்ள குடைஞ்சிருக்கும், கழுத்தும் இறங்கியிருக்கும். அப்புறம் தையலுக்கு விடுங்க, தோள்ல அரை இன்ச், கைக்குழியில அரை இன்ச், சைடுல ஒரு இன்ச், அடியில 2 இன்ச். கழுத்துல மட்டும் கால் இன்ச்சை உள்பக்கமா விடணும், அதாவது வேணுங்கற கழுத்தை விடச் சின்னதா வெட்டணும், தைச்சதும் கால் இன்ச் பெருசாகிடும். கழுத்து சின்னதா இருந்தா வெட்டிக்கலாம், பெருசானதை ஒண்ணும் பண்ண முடியாது.

வெட்டுறதுக்கு முன்னாடி பேப்பரை அளந்து பாருங்க. தையலுக்கு விட்டதைக் கழிச்சுட்டு மார்புக்கு நேரா வர்ற அகலத்தை 4-ஆல பெருக்கினா உங்க மார்பு அளவை விட 3, 4 இன்ச் அதிகம் வரணும், எனக்கு 36-க்கு 40. சீட்டுக்கும் இதே மாதிரி. உங்க நோட்டுல தோள் இறங்குதுன்னு எழுதியிருந்தீங்கன்னா இங்கதான் பேப்பர்லயே அரை இன்ச் குறைக்கணும், அக்குள் இறுக்குதுன்னு எழுதியிருந்தா கைக்குழியைக் கால் இன்ச் கீழ இறக்கணும். கையையும் இதே மாதிரி பேப்பர்ல எடுத்துட்டு, கைக்குழியை இறக்கினா கை வளைவையும் அதே அளவு கூட்டிக்கோங்க. நல்ல துணியை வெட்டுறதுக்கு முன்னாடி காடா துணியிலயோ பழைய பெட்ஷீட்லயோ ஒரு தடவை வெட்டி, ஓட்டுத் தையல் (பிரிக்கிற மாதிரி தளர்வா போடுற தையல்) அடிச்சு, உடுத்திப் பார்த்துடுங்க.

தைக்கிற வரிசை இது, முதல்ல தோள் ரெண்டும், அப்புறம் கழுத்து, அப்புறம் சைடு பிரிஞ்சு தட்டையா இருக்கும்போதே கையை வச்சு அடிக்கிறது, கடைசியா கை நுனியிலேர்ந்து அக்குள் வழியா அடி வரைக்கும் ஒரே ஓட்டமா சைடு. கழுத்துக்கு ஒண்ணேகால் இன்ச் அகலத்துல கிராஸ் துண்டு வெட்டி வச்சு அடிச்சு, வளைவுல தையலைத் தொடாம சின்னச் சின்ன வெட்டு கொடுத்து உள்ள மடிச்சுடுங்க, வெட்டு கொடுக்கலன்னா சுருங்கிட்டு நிக்கும். ஒவ்வொரு தையல் முடிஞ்சதும் இஸ்திரி பெட்டியை எடுத்து அந்தத் தையலை அமுக்குங்க. வீட்ல தைச்சது மாதிரி இருக்கா, கடையில எடுத்தது மாதிரி இருக்காங்கறது முக்காவாசி இதுலதான் இருக்கு.

பழைய காட்டன் புடவை இருந்தா அதுலயும் வெட்டலாம், 5.5 மீட்டர்ல ரெண்டு குர்தி வரும். சுங்குடி மாதிரி பார்டர் வச்சதுன்னா புடவையோட அகலத்தையே குர்தியோட நீளமா வச்சு வெட்டுங்க, பார்டர் தானா அடியில வந்து உக்காரும், மடிச்சு அடிக்கிற வேலையும் மிச்சம். பாவு பக்கமா வெட்டணும்னு மேல சொன்னேன்ல, இதுல அது மாறிடும், ஆனா அழுத்தமான காட்டன்ல அது பெருசா தெரியாது. கிழியுற பக்குவத்துல இருக்கற புடவை வேண்டாம், தையல் போட்ட இடத்துலயே விட்டுடும்.

பாக்கெட்

எனக்கு இது ரொம்ப முக்கியம். பஸ்ல போறப்போ ஒரு கையில போன், ஒரு கையில பர்ஸ், கம்பியைப் பிடிக்கக் கை இல்லாம எத்தனை பேர் நிக்கிறோம், ஆம்பளைங்க சட்டைக்குக் கேட்காமலேயே பாக்கெட் வருது, நம்ம குர்திக்கு மட்டும் இல்ல. சொந்தமா தைக்கிறதுல எனக்கு முதல் சந்தோஷமே இதுதான்.

உள்ளங்கையைப் பேப்பர்ல லேசா விரிச்சு வச்சு சுத்தி வரைஞ்சு, சுத்திலும் ஒரு இன்ச் விடுங்க, கை நுழையுற வாய் 6 இன்ச்சுக்குக் குறையக் கூடாது. அழுத்தமான பாப்லின்ல 4 துண்டு வெட்டுங்க. சைடு தைக்கிறதுக்கு முன்னாடி, ஓட்டுத் தையல் போட்ட குர்தியைப் போட்டுட்டு நின்னு கை இயல்பா எங்க போகுதோ அங்க சாக்பீஸ்ல குறி வைங்க. முன்பக்கத் துணியோட சைடுல ஒரு துண்டு, பின்பக்கத்துல அதே உயரத்துல ஒரு துண்டு, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்க வச்சு அடிங்க. அப்புறம் சைடு தையல் போட்டுட்டு வரும்போது பாக்கெட் வாய் கிட்ட ஊசியை உள்ள இறக்கி, துணியைத் திருப்பி, பாக்கெட் சுத்தியே ஓட்டிட்டு வந்து மறுபடி சைடுல சேர்ந்துடுங்க. வாயோட ரெண்டு முனையிலயும் முன்னும் பின்னும் மூணு தடவை அடிச்சுடுங்க, அங்கதான் முதல்ல பிரியும். மல் காட்டன் குர்திக்குப் பெரிய போன் வச்சா சைடு கீழ இழுக்கும், அதுக்கு பாக்கெட்டோட மேல் ஓரத்தை இடுப்புத் தையலோட சேர்த்துப் பிடிச்சு அடிச்சுடலாம், இடுப்புத் தையல் இல்லாத மாடல்னா கொஞ்சம் கனமான துணி எடுங்க.

தைச்சு முடிச்சதும் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகாதீங்க, ஒரு சாதாரண நாள்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போட்டுட்டு இருங்க. பஸ் ஏறுங்க, கீழ உக்காந்து எந்திரிங்க, மேல் அலமாரியில டப்பா எடுங்க. எங்க இழுத்துச்சு, எங்க உறுத்துச்சுன்னு ராத்திரி நோட்டுல எழுதி, அந்த நியூஸ்பேப்பர் அச்சுலயும் அதே இடத்துல சிவப்புப் பேனாவால திருத்தி, மடிச்சு, மேல தேதியும் அளவும் எழுதி ஒரு கவர்ல போட்டு வைங்க. நான் இப்ப தைக்கிற குர்தி எல்லாம் 7-வது தடவை திருத்தின அச்சுல தான் வெட்டுறேன், முதல் அச்சுக்கும் இதுக்கும் தோள்ல முக்கால் இன்ச் வித்தியாசம்.